சிறப்புத் தேர்ச்சி: வாக்குவம் கிளீனர்

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. சட்டைக்குப் பொத்தான் போடாமல் தெருவில் இறங்கிவிட்ட மாதிரி கூச்சமாக இருக்கும். இது என் ஒருவனுடைய கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். பினாங்கில் எங்கள் யாழ்ப்பாணத்துக் கூட்டத்தில் பாதிப்பேர் குமாஸ்தாக்கள், மீதிப்பேர் குமாஸ்தா ஆவதற்குக் காத்திருந்தவர்கள். பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கையெழுத்தை வாங்கிப் பார்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். என் மாமனார் வீடும் அதில் ஒன்று.

ஜப்பான்காரன் வருவதற்கு முன் நான் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு மின்சாமான் கடையில் குமாஸ்தா. மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, தூசி உறிஞ்சுகிற வாக்குவம் கிளீனர் எல்லாம் கப்பலில் வரும். வந்ததை எழுதுவேன், போனதை எழுதுவேன், பழுதானால் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவேன். திருப்புளியை மட்டும் கையால் தொட்டதில்லை. வீட்டில் பல்பு மாற்றுவதுகூட என் மனைவிதான். யுத்தம் வந்ததும் முதலாளிமார் ஒரே நாளில் கப்பலேறிப் போய்விட்டார்கள். கடைச் சாவி என் கையில் இருந்தது, கடைக்குள் ஒன்றும் இல்லை.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த பிறகு, எல்லோரும் வந்து பதிவு செய்ய வேண்டும், என்ன தொழில் என்று எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. வெயிலில் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தெருக்காரர், சுங்க இலாகாவில் குமாஸ்தா. நாங்கள் 'சுங்க அண்ணர்' என்று கூப்பிடுவோம். அவருடைய கையெழுத்தைப் பார்த்தால் அச்சுக்கூடத்துக்காரனுக்கே பொறாமை வரும். தொழில் என்ற இடத்தில் 'குமாஸ்தா' என்று அவர் நிதானமாக எழுதினார். மேசைக்குப் பின்னால் இருந்த சிப்பாய் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, இன்னொரு சிப்பாயிடம் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். தாளை இடது பக்கக் கட்டில் போட்டான். அந்தக் கட்டுதான் உயரமாக இருந்தது.

இடது பக்கம் போனவர்களை சியாமுக்கு, அதாவது தாய்லாந்துக் காட்டுக்கு, ரயில் பாதை போட அனுப்பப் போகிறார்கள், போனால் திரும்புவது சந்தேகம் என்று வரிசையில் பேச்சு. வாழ்நாள் முழுவதும் பெருமையாக எழுதிய அந்தச் சொல்லை அன்றைக்கு என் கை எழுத மறுத்துவிட்டது. 'மின்சாதன நிபுணர்' என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. அதற்குக் கீழே 'சிறப்புத் தேர்ச்சி' என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று போட்டிருந்தது. சுங்க அண்ணர் அதை விட்டுவிட்டார், நான் பார்த்தேன். என்னால் விட முடியவில்லை. மின்சாரம் பாய்ச்சும் வேலை எதையாவது எழுதினால் கூப்பிட்டுவிடுவான் என்று யோசித்து, யுத்த காலத்தில் உலகத்தில் யாருக்குமே தேவைப்படாத சாமான் எது என்று பார்த்து, 'வாக்குவம் கிளீனர்' என்று அழகாக எழுதி அடியில் கோடும் போட்டேன்.

தாள் வலது பக்கம் போனது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் என் சாமர்த்தியத்தைச் சொன்னேன். பினாங்குக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் யாழ்ப்பாணப் பேச்சு ஒரு சொல் மாறாதவள் அவள்.

"என்னப்பா, உங்களுக்கு விசரே? பல்பு மாத்தத் தெரியாது, நிபுணராம்" என்றாள். விசர் என்றால் எங்கள் ஊரில் பைத்தியம்.

இரண்டு வாரம் கழித்து வாசலில் கார் நின்றது. சிப்பாய் ஒருவனும், மொழிபெயர்க்கிற சீனர் ஒருவரும் இறங்கினார்கள். சிப்பாய் கையில் என் படிவம். என்னுடைய அடிக்கோடு தூரத்திலிருந்தே தெரிந்தது.

நார்தம் ரோட்டில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு பங்களா. வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போன வீட்டில் இப்போது ஓர் அதிகாரி குடியிருந்தார். பருத்த மனிதர். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, தும்மினார். மறுபடி திறந்தார், மறுபடி தும்மல். ஐந்தாறு தும்மலுக்குப் பிறகுதான் விஷயம் புரிந்தது. துரை வீட்டில் ஹால் முழுக்கச் சிவப்புக் கம்பளம், கணுக்கால் புதையும். அதில் துரையின் நாய், துரையின் சுருட்டு, அப்புறம் சிப்பாய்களின் சப்பாத்துக் கால் எல்லாவற்றின் மிச்சமும் குடியிருந்தது. அதிகாரிக்கோ தூசி ஆகாது. பங்களாவின் சாமான் அறையில் மூன்று பழைய தூசி மிஷின்கள் இருந்தன. பத்து நாளில் மேலதிகாரி ஒருவர் வருகிறார். அதற்குள் ஒன்றாவது ஓட வேண்டும்.

"ஓடாவிட்டால்?" என்று கேட்டேன். அதிகாரி கையை ஆட்டி நீளமாக ஏதோ பேசினார், நடுவில் இரண்டு முறை தும்மினார். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே சொல்லில் சொன்னார்.

"சியாம்."

சாமான் அறைக்குள் போய் அந்த மூன்றையும் பார்த்தேன். முதலாவது நின்றபடி தள்ளுகிற மின்சார மிஷின். எங்கள் கடையில் விற்றதற்கெல்லாம் பாட்டன் வயது. துணிப்பை மக்கிப்போய்த் தொங்கியது. இரண்டாவது உருளையாகப் படுத்துக் கிடந்தது, உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. மூன்றாவதற்கு மின்சாரமே கிடையாது. நீண்ட மரக் கைப்பிடியும், காற்றை உள்ளே இழுக்கிற தோல் துருத்தியும். ஒருவர் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும், இன்னொருவர் குழாயைப் பிடிக்க வேண்டும். கொல்லன் பட்டறைச் சாமானைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. மின்சாரம் வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரன் இப்படித்தான் வீடு சுத்தம் செய்திருக்கிறான்.

மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கத்து வீட்டு மாஸ்டருடைய தாள் இடது பக்கக் கட்டில் கிடந்தது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் வேலையில்லாமல் இருந்தார். பினாங்கிலேயே பிறந்த தமிழ்க் கத்தோலிக்கர், கணக்கும் பூகோளமும் சொல்லிக் கொடுத்தவர், மூன்று பெண் குழந்தைகள். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இந்த வேலைக்கு நிபுணர் இரண்டு பேர் வேண்டும், கம்பெனி விதி" என்றேன். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அதிகாரி தும்மினார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மாஸ்டரை அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போனேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, இதுல எது முன்பக்கம்?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன் மாஸ்டர்."

"நான் மேப்பு போடுவேன்லா அண்ணே. மிஷினுக்கும் எனக்கும் என்ன?"

எனக்கு அவர்மேல் கோபம், அவருக்கு என்மேல் கோபம், இரண்டு பேருக்கும் சியாம்மேல் பயம்.

தெரிந்ததைச் செய்வோம் என்று தொடங்கினேன். எனக்குத் தெரிந்தது பதிவேடு. முதல் மிஷினைக் கழற்றக் கழற்ற ஒவ்வொரு திருகாணிக்கும் வரிசை எண் போட்டு, எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, நிலைமை என்ன என்று நாலு பத்தி பிரித்து எழுதினேன். இரண்டு படி எடுத்தேன், ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்குமே. மாஸ்டர் பாகங்களைப் பழைய பத்திரிகைத் தாளில் திசை பார்த்து, வடக்கு தெற்கு குறித்து அடுக்கினார். நாடு பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி இருந்தோம். அன்றைக்கு மத்தியானம் எட்டிப் பார்த்த அதிகாரி, பதிவேட்டைப் புரட்டி, அடிக்கோடுகளைப் பார்த்து, எங்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். ஊரெல்லாம் தெருச்சந்தியில் காவல் நிற்கிற சிப்பாய்க்கு நாங்கள் குனிந்துகொண்டிருந்த காலம் அது.

பதிவேட்டைத் தலைகீழாகப் படித்துத் திரும்ப மாட்டினோம். மூன்று திருகாணி மிச்சம் வந்தது. கழற்றும்போது நூற்றுப் பதினேழு, மாட்டியது நூற்றுப் பதினாலு. மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. நான் 'கையிருப்பு' என்று புதிதாக ஒரு பத்தி போட்டு மூன்றையும் அதில் சேர்த்தேன். கணக்கு நேராகிவிட்டது. மிஷின்தான் ஓடவில்லை.

அதற்குள் நான்கு நாள் போயிருந்தது. வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். அன்றைக்கு என் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அந்த மோட்டருக்குள்ள கரித்துண்டு இருக்குமே, அது தேய்ஞ்சிருக்கும். உங்கட கடைப் புத்தகத்தில படம் போட்டிருந்தது, நான் பாத்தனான்" என்றாள். நான் பதினோரு வருஷம் வேலை பார்த்த கடையின் விலைப் புத்தகத்தை இவள் படித்திருக்கிறாள். மறுநாள் திறந்து பார்த்தால், ஆமாம், கரித்துண்டு தேய்ந்து பொட்டுப் போல இருந்தது. செத்துப்போன டார்ச் பேட்டரிகளை உடைத்து, நடுவில் இருக்கும் கரிக் குச்சியை எடுத்து, சிமெண்டுத் தரையில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தோம். கை, மூக்கு, மாஸ்டரின் ஒரே வெள்ளைச் சட்டை எல்லாம் கரி. ரப்பர் வாருக்குச் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டோம். சுவிட்சைத் தட்டினேன். மிஷின் கனைத்தது. மாஸ்டர் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டார். வெளியே வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டார். கரி எனக்கும் வந்தது.

இனிப் பை. ஓட்டைப் பை வழியாகத் தூசியெல்லாம் திரும்ப ஹாலுக்கே வந்தது. நெருக்கமாக நெய்த துணி வேண்டும். அந்த நாளில் துணி எங்கே கிடைத்தது? கோணிப்பையில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்து என் கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்தாள். "ஐயோ" என்றேன். "சியாமில உந்த வேட்டியைக் கட்டிக்கொண்டோ கல்லுடைக்கப் போறியள்?" என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலை வைத்தாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் அழவில்லை, ஆனால் ஜரிகைக் கரையை வீணாக்காமல் பைக்கு நடுவில் நேராக வருகிற மாதிரி தைத்தாள்.

கடைசி மூன்று நாளும் மெருகு போடுவதிலேயே போனது. பித்தளைக்குப் புளி, அலுமினியத்துக்குச் சலித்த அடுப்புச் சாம்பல், மரத்துக்குத் தேங்காயெண்ணெய், தேய்க்கத் தேங்காய் நார். மின்சார மிஷின் பூசைக் குத்துவிளக்கு போல ஆகிவிட்டது. ஜரிகைப் பையோடு நிமிர்ந்து நின்றபோது மாப்பிள்ளைக் களையே வந்துவிட்டது. நான் கட்டியபோது அந்த வேட்டி அவ்வளவு எடுப்பாக இல்லை என்று மனைவி பிற்பாடு சொன்னாள். மாஸ்டர் அதோடு நிற்காமல் அந்தத் துருத்தி மிஷினையும் தேய்க்க உட்கார்ந்தார். கிழிந்த தோலுக்கு மூடிய பள்ளிக்கூடத்தின் கால்பந்தை வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்தார்.

"அத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க மாஸ்டர்? அணைஞ்ச அடுப்ப ஊதவா?"

"சும்மா இருந்தா பயமா இருக்கு அண்ணே. கைக்கு ஒரு வேல வேணும்லா."

அதற்குமேல் நான் கிண்டல் செய்யவில்லை.

அந்த வாரத்தில்தான் சுங்க அண்ணரைப் படகில் எதிர்க்கரைப் பிறை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயிலேற்றினார்கள். போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று, "ரெண்டு மாசத்தில வந்திடுவம் எண்டு சொல்லுறாங்கள்" என்றார். சட்டைப் பையில் அவருடைய பேனா இருந்தது. அங்கே எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

மேலதிகாரி வரும் நாள் வந்தது. கடிகாரமெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்ததால் பத்து மணி என்பது வெயில் ஏறாத காலை. என் மனைவி என் சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை வைத்து அனுப்பினாள். பரீட்சை, கோர்ட்டு, பல் பிடுங்குவது எதற்குப் போனாலும் வைப்பாள். அன்றைக்குப் பொட்டலம் வழக்கத்தைவிடப் பெரிது.

மேலதிகாரி ஒல்லியானவர், சிரிக்காத முகம். நான் சுவிட்சைத் தட்டினேன். மிஷின் கர்ஜித்தது. கம்பளத்தில் ஒரு முறை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். நம்ம அதிகாரி பெருமையாகப் பார்த்தார். மேலதிகாரி குனிந்து கம்பளத்தைத் தொட்டார், விரலைப் பார்த்தார், ஏதோ கேட்டார்.

"தூசி எங்கே என்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அப்போதுதான் தெரிந்தது. பெரிய ஆள் வருகிறார் என்று பங்களாவின் சமையல்காரர் முந்தின நாளே கம்பளத்தைத் தோட்டத்தில் போட்டு அடிஅடி என்று அடித்து, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் திரும்ப விரித்திருந்தார். இல்லாத தூசியை மிஷின் எப்படி உறிஞ்சிக் காட்டும்? சத்தம் மட்டும் போடும் பெட்டி என்று மேலதிகாரி நினைத்துவிட்டார். நம்ம அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் ரயில் சத்தம் கேட்டது.

கை சட்டைப் பைக்குப் போனது. பொட்டலத்தைப் பிரித்துக் கம்பளத்தில் தூவினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய கை, இடமிருந்து வலமாக, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, கைநீளத்துக்கு மூன்று கோடு போட்டுவிட்டது. சிவப்புக் கம்பளம் குளித்துவிட்டு வந்த சைவக்காரர் நெற்றி மாதிரி ஆனது.

"ஏன் மூன்று?" என்று கேள்வி வந்தது.

"கம்பெனி முறை" என்றேன்.

மிஷினைத் தள்ளினேன். முதல் கோடு சுத்தமாக மறைந்தது. மேலதிகாரியின் புருவம் ஏறியது. இரண்டாவது கோடும் மறைந்தது. மூன்றாவதற்குத் திருப்பும்போது கனைப்பு இறங்கி, முனகலாகி, நின்றுவிட்டது. மேலே மின்விசிறியும் நின்றது. கரண்டு போய்விட்டது. அந்த நாளில் அது நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும்.

ஹாலில் கடல் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கோடு திருநீறு என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அப்போது சாமான் அறையிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். மாஸ்டர் துருத்தி மிஷினை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே, கொழாயப் பிடிங்க!" என்று கத்தினார். பிடித்தேன். அவர் கைப்பிடியை ஆட்டத் தொடங்கினார். கணக்கு வாத்தியார், பத்து நாளாகக் கிழங்கு தவிர ஒன்றும் சாப்பிடாதவர், எங்கிருந்துதான் பலம் வந்ததோ. கால்பந்துத் தோல் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டது. மூன்றாவது கோடு ஓர் ஓரத்திலிருந்து மெல்லக் குறைந்து, மறுஓரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மாஸ்டர் கைப்பிடியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேலதிகாரி சிரித்தார். ஒல்லி முகத்தில் அது எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத் தானும் கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு நீளமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அதிசயமாக மூன்று வாக்கியம் சொன்னார்: கரண்டை நம்ப முடியாது. கை மிஷின்தான் நல்லது. இதற்கு இரண்டு ஆள் கட்டாயம் வேண்டும். எனக்கும் மாஸ்டருக்கும் வேலை அட்டை அன்றைக்கே வந்தது. யுத்தம் முடியும் வரைக்கும் அந்தக் கம்பளத்தில் நாங்கள் இரண்டு பேரும் துருத்தி ஆட்டிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அட்டையைப் பார்த்து அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். திருநீற்றுக் கதைக்கு வந்ததும் நிமிர்ந்துவிட்டாள்.

"திருநீறைக் கொண்டுபோய்ச் சப்பாத்து மிதிச்ச கம்பளத்திலயோ கொட்டினியள்? அதையும் கலியாண வேட்டிக்குள்ளயோ உறிஞ்சினியள்? உந்தப் பையை நாளைக்கே இஞ்ச கொண்டு வாங்கோ!"

பையைத் துவைக்க வேண்டும் என்று அதிகாரியிடம் அனுமதி வாங்கிக் கொண்டுவந்தேன். அவள் தாளை விரித்துக் கவிழ்த்தாள். முந்தி ஓட்டிப் பார்த்தபோது உறிஞ்சியதும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு குவியல். துரை வீட்டு நாய்மயிர், சுருட்டுச் சாம்பல், கம்பள நூல், நடுவில் எங்கள் திருநீறு. குப்பையில் போட்டால் திருநீற்றுக்குப் பாவம், பூசை அறையில் வைத்தால் நாய்மயிர். கடைசியில் கடலில் கரைப்பது என்று முடிவானது. மாஸ்டரும் கூட வந்தார். தண்ணீரில் போடுவதற்கு முன்னால் அவள் ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியில் பூசினாள். "எதில கலந்தாலும் உங்களை விட்டுவைச்சது இதுதானே" என்றாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நெற்றியை நீட்டினார். பூசியதும் தும்மினார். மூன்று பேரும் வெகுநேரம் சிரித்தோம்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், படிவங்களும் திரும்பி வந்தன. ஒரு நாள் சுங்க அண்ணரின் மனைவி வீட்டுக்கு வந்தார். சியாமுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிக் குடும்பத்தார் எழுதித் தர வேண்டுமாம். "அவரின்ர எழுத்து மாதிரி வடிவா எழுத உங்களாலதான் ஏலும், தம்பி" என்றார்.

மேசையில் வைத்து எழுதினேன். பெயர், பிறந்த ஊர், தொழில். தொழில் என்ற இடத்தில் குமாஸ்தா என்று என்னால் முடிந்தவரை அழகாக எழுதினேன். அதற்குக் கீழே 'தற்போது இருக்கும் இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை இரண்டு முறை மைக்கூட்டில் தோய்த்தேன். பிறகு அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.